ஊட்டுல ரெண்டு மத்ஹபு (மார்க்கச் சட்ட வழிமுறை), புள்ளைக்கு எந்த முறைல தொழச் சொல்லிக் கொடுக்குறது?

மரைக்கா கீழக்கரை:
அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க கீழக்கரை, ஷாஃபி மத்ஹபு. எங்க ஊட்டுல அவுக பரமக்குடி பக்கம் ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. மவனுக்கு ஏழு வயசாச்சு, தொழுகைய ஏவுற வயசு, அதனால சுப்ஹுக்கும் (விடிகாலைத் தொழுகை) மஃரிபுக்கும் (அந்தித் தொழுகை) பக்கத்துல நிப்பாட்டிக்கிறேன். நான் குனியுற ருகூவுக்குப் போறப்ப கைய உசத்துறேன், உம்மாக்காரி உசத்தல. சுப்ஹுல நான் குனூத்ங்குற வேண்டுதல நின்னு ஓதுறேன், அவுக நேரா நெத்திய தரைல வைக்கிற ஸுஜூதுக்குப் போயிடுறாக. உக்காந்து ஓதுற அத்தஹிய்யாத்துல தூக்குன விரல நான் தொழுகைய முடிக்கிற சலாம் வரைக்கும் இறக்குறதில்ல, அவுக உடனே இறக்கிடுறாக. எல்லாத்தையும் பாத்துட்டு "வாப்பா, யாரு தொழுறது தப்பு"ங்குறான். இதுல போன்ல வீடியோ பாத்துட்டு மூணாவதா ஒரு மாதிரி வேற கைய கட்டிட்டு நிக்கிறான். சண்டை வேணாம், வழி சொல்லுங்க.

ஏர்வாடி காக்கா:
வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. ரெண்டும் சரின்னு மொதல்ல அவன்கிட்ட சொல்லிடுங்க. ஆனா பழக்குறப்ப ஒரே முறைய பழக்குங்க, ஊர்ப் பள்ளில ஓதப் போறவன், அங்க ஆலிம்சா ஷாஃபி முறைதான் சொல்லிக் கொடுப்பாக, அதையே வச்சுக்கங்க, போன புடுங்கி வைங்க. கை உசத்துறது நாலு இடம், மொத தக்பீர் (அல்லாஹு அக்பர்னு ஆரம்பிக்கிறது), ருகூவுக்குப் போறப்ப, அதுலருந்து எந்திரிக்கிறப்ப, அப்புறம் மொத அத்தஹிய்யாத்து முடிச்சு எந்திரிக்கிறப்ப. கை கட்டுறது நெஞ்சுக்குக் கீழ, தொப்புளுக்கு மேல. இதெல்லாம் சுன்னத்து, அதாவது நபிவழி, விட்டாலும் தொழுகை முறியாது. எனக்குக் கவலை வேற. ருகூவுல குனிஞ்சு உடம்பு அசைவு நிக்கிறதுக்குள்ள நிமிர்ந்துடுறானுவ, ரெண்டு ஸுஜூதுக்கு நடுவுல உக்காந்தும் உக்காராமயும் அடுத்ததுக்குப் போயிடுறானுவ, அந்த நிதானம் ஷாஃபில ஃபர்ளு, கட்டாயம், அது இல்லன்னா தொழுகையே இல்ல. அவசரமா தொழுத ஒருத்தர ரசூலுல்லாஹ் "திரும்பப் போய்த் தொழு, நீ தொழல"ன்னு மூணு தடவை அனுப்புனாகளே, அந்த ஹதீஸ்ல கைய எங்க கட்டணும்ங்கிற பேச்சே வரல. சொல்லிக் கொடுத்ததெல்லாம் நிதானமா குனி, நேரா நில்லு, நிதானமா ஸுஜூது செய்ன்னுதான். பெரிய ஆளுகளே ரமலான் ராத்திரித் தராவீஹ்ல எப்படி ஓட்டுறாகன்னு நமக்குத் தெரியாதா.

பெரியபட்டினம் லாத்தா:
எங்க வீட்லயும் இதே கததான், நான் ஹனஃபி, மாப்பிள்ள ஷாஃபி. ஒளு (தொழுகைக்கு முன்ன கை, முகம், கால் கழுவுறது) எடுத்துட்டு வர்ற மனுசன்கிட்ட துண்ட நீட்டுறப்ப விரல் பட்டுடும், எனக்கு ஒளு அப்படியே இருக்கும், அவுக மத்ஹபுல முறிஞ்சுடும், முணுமுணுத்துக்கிட்டே திரும்பக் குழாயடிக்குப் போவாக 😄 இத புள்ளைகளே சிரிச்சுப் பாத்து வளந்துச்சு, ஒன்னும் கொழம்பல. தம்பி, நீங்க அவன் பக்கத்துல நின்னா தெரியாது, பின்னாடி நின்னு ஸுஜூத பாருங்க. ரெண்டு பாதமும் அந்தரத்துல தூக்கிக்கிட்டு இருக்கும். நெத்தி, ரெண்டு உள்ளங்கை, ரெண்டு முட்டி, ரெண்டு கால் விரல், ஏழும் தரைல படணும், விரல் மடங்கி கிப்லா (மக்கா) பக்கம் பாக்கணும். தொப்பியையும் பாருங்க, வளரும்னு பெருசா வாங்கிடுறோம், அது சரிஞ்சு நெத்திய மூடிடுது. உங்க மத்ஹபுல நெத்தி மறைப்பில்லாம படணும்ல.

வேதாளை வல்லம்:
நாங்க கடலுக்குப் போற படகு, எங்க வல்லத்துல ரெண்டு மத்ஹபும் ஒரே சப்புலதான் (வரிசை) நிக்கிறோம். ஷாஃபி இமாம் சுப்ஹுல குனூத் ஓதுனா ஹனஃபி ஆளுக கைய விட்டுட்டு பேசாம நிப்பாக, அவ்ளோதான். அல ஜாஸ்தியா இருந்து விழுந்துடுவோம்னு பயம் இருந்தா மட்டும் உக்காந்து தொழுவோம், சும்மா இருக்குற கடல்ல ஃபர்ள உக்காந்து தொழ முடியாது. ஒளுவுக்குக் கடல் தண்ணியே போதும். கிப்லா மேக்குலருந்து கொஞ்சம் வடக்கு சாஞ்சு, வலது கைப்பக்கம் கரை தெரியும், புதுசா வர்ற பயலுகளுக்கு அப்படித்தான் காட்டுவோம்.

மரைக்கா கீழக்கரை:
ஜஸாக்கல்லாஹ் எல்லாருக்கும். லாத்தா சொன்ன தொப்பி விசயம் நெசம், இன்னைக்கு மஃரிபுல பாத்தேன், மூக்கு வரைக்கும் வந்து நிக்குது. அப்ப அவுக ஹனஃபிலயே தொழட்டும், இவன் பள்ளி முறைன்னு வச்சுக்கறோம். ஒரு சின்ன டவுட்டு, குனூத் நீளமா இருக்கு, இவனுக்குப் பாதிதான் வருது. நான் வெளியூர் போற நாள்ல தனியா தொழுறப்ப என்ன ஓதுவான்?

ஏர்வாடி காக்கா:
"ரப்பனா ஆத்தினா ஃபித்துன்யா" தெரியும்ல, அத குனூத்துன்னு நெனச்சு ஓதட்டும், போதும். மறந்தே போனாலும் சலாமுக்கு முன்னாடி மறதிக்குச் செய்ற ஸஹ்வு ஸஜ்தா ரெண்டு செய்யச் சொல்லுங்க. முழுசும் மெதுவா மனப்பாடமாகும், வெரட்டாதீங்க.