ஆசிரியர் ஒப்பந்தம் பேசும் முன் கல்வி வாரியம் செய்ய வேண்டிய வேலை: அனுபவப் பகிர்வு

முதல் பதிவு: நியூ ஜெர்சி, முன்னாள் வாரிய உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். மத்திய நியூ ஜெர்சியில் நடுத்தர அளவுள்ள ஒரு பள்ளி மாவட்டத்தின் கல்வி வாரியத்தில் ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். அந்தக் காலத்தில் ஆசிரியர் சங்கத்துடன் இரண்டு முறை ஒப்பந்தம் பேசினோம். முதல் முறை பதினான்கு மாதங்கள் இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது முறை, பழைய ஒப்பந்தம் முடிகிற ஜூன் 30-க்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது. இரண்டு முறையும் எதிரே அமர்ந்தவர்கள் பெரும்பாலும் அதே ஆசிரியர்கள்தாம். மாறியது நாங்கள் தயாரான விதம். நம்மவர்கள் பலர் இப்போது இங்கே வாரியத் தேர்தல்களில் நிற்பதால், எங்கள் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் வாரிய உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகல் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வருகிற ஒன்பது பேர்தான், மாவட்டச் செலவில் மிகப் பெரிய பகுதியான ஊதியத்தைப் பற்றி முடிவு செய்தோம். முதல் முறை மூன்று பேர் கொண்ட குழு அமைத்தோம், வழக்கறிஞரை நியமித்தோம், பக்கத்து மாவட்டங்கள் எத்தனை சதவீதத்துக்கு முடித்தன என்று விசாரித்தோம். அத்துடன் தயாராகிவிட்டதாக நம்பினோம். மூன்றாவது அமர்வில் எங்கள் தரப்பிலிருந்து "ஆண்டுக்கு மூன்று சதவீதம் என்றால் பேசலாம்" என்று ஒரு வார்த்தை விழுந்தது. படி உயர்வையும் உள்ளடக்கிய மூன்று சதவீதத்தைத்தான் நாங்கள் மனத்தில் வைத்திருந்தோம். சங்கத்தினரோ படி உயர்வு போக மேலும் மூன்று சதவீதம் என்று புரிந்துகொண்டார்கள். அடுத்த அமர்வில் நாங்கள் விளக்கம் சொன்னபோது, கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்றே அவர்களுக்குப் பட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று உடைந்த நம்பிக்கையை, மாநிலத்தின் பொது வேலைவாய்ப்பு உறவுகள் ஆணையம் அனுப்பிய மத்தியஸ்தர் வந்து உட்கார்ந்த பிறகும் முழுமையாக ஒட்ட வைக்க முடியவில்லை.

படி உயர்வு என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆசிரியர் ஊதிய அட்டவணையில் மேலிருந்து கீழாகப் பணி ஆண்டுகளுக்கான படிகளும், இடமிருந்து வலமாகக் கல்வித் தகுதிக்கான பத்திகளும் இருக்கும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் வரை ஒருவர் பொதுவாக ஆண்டுக்கு ஒரு படி ஏறுவார். முதுகலை முடித்தால் அடுத்த பத்திக்கு நகர்வார். ஆகவே அட்டவணையில் ஒரு டாலர்கூட உயர்த்தாவிட்டாலும், எல்லோரும் ஒரு படி நகர்வதற்கே பணம் வேண்டும். அந்தத் தொகை எவ்வளவு என்பதை அறியாமல் எந்தச் சதவீதத்தையும் வாயால் சொல்லக் கூடாது என்பதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

இரண்டாவது முறை, ஒப்பந்தம் முடிவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே தொடங்கினோம். செப்டம்பர் மாத மாலை ஒன்றில் எங்கள் நிதி நிர்வாகி, எந்தப் படியில் எந்தப் பத்தியில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டத்தை மேசை அளவுக்கு அச்சிட்டு எங்கள் முன் விரித்தார். ஸ்கேட்டர்கிராம் என்று இங்கே அதைச் சொல்வார்கள். பெரும்பாலான கட்டங்களில் ஒன்று, மூன்று, ஐந்து என்றுதான் எண்கள் இருந்தன. பதின்மூன்றாம் படியில் மட்டும் 41 பேர். அங்கிருந்து பதினான்காம் படிக்கு ஏறினால் ஒரே தாவலில் 6,800 டாலர் கூடும். முந்தைய ஒப்பந்தங்களில் கீழ்ப்படிகளைச் சிறிதாக வைத்து, பாரத்தையெல்லாம் மேலே தள்ளித் தள்ளி உருவான வீக்கம் அது. நிதி நிர்வாகி பென்சிலால் அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டமிட்டுவிட்டு எதுவும் பேசாமல் நின்றார். முதல் முறை பேசியபோதும் இதே வீக்கம் இரண்டு படிகள் கீழே இருந்திருக்கிறது. நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வாரியம் மூடிய அமர்வில் தன் எல்லையைச் சதவீதமாக வைக்காமல், மூன்று ஆண்டுகளுக்கும் மொத்த டாலர் தொகையாக முடிவு செய்தது. அந்தத் தொகைக்குள் வீக்கத்தை எப்படிப் பல படிகளாகப் பிரித்துக் கரைப்பது என்று சங்கத்துடன் சேர்ந்தே வரைந்து பார்த்தோம். கரைக்க வேண்டும் என்ற அக்கறை அவர்களுக்கும் இருந்தது, ஏனென்றால் அந்தத் தாவலுக்காக நடுப்படிகளில் இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் குறைந்த உயர்வோடு காத்துக் கிடக்கிறார்கள்.

வருவாய்ப் பக்கத்தையும் அதே அளவு கவனத்தோடு பார்க்க வேண்டும். 2010-இல் வந்த சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பள்ளிக்கான சொத்து வரி வசூலை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. மருத்துவக் காப்பீட்டுச் செலவோ இதற்குக் கட்டுப்படுவதில்லை. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியரின் பங்கைப் பிரீமியத்தின் சதவீதமாக வைத்தது. 2020-இல் வந்த சட்டம், புதிதாக உருவாக்கிய காப்பீட்டுத் திட்டத்தில் அந்தப் பங்கை ஊதியத்தின் சதவீதமாக மாற்றியது. பிரீமியம் ஏறும்போது கூடுதல் சுமை மாவட்டத்தின் தலையில் விழுவதற்கு இதுவே காரணம். காப்பீடு எவ்வளவு உணர்ச்சிகரமான விஷயம் என்று சந்தேகிப்பவர்கள் மிடில்டவுன் நகரில் 2001-இல் நடந்ததைப் படித்துப் பார்க்க வேண்டும். காப்பீட்டுப் பங்கு குறித்த தகராறில் வேலைநிறுத்தம் செய்து, பணிக்குத் திரும்பும்படி நீதிமன்றம் இட்ட உத்தரவை மீறிய 228 ஆசிரியர்கள் அகர வரிசைப்படி சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு நகரம் அப்படிப்பட்ட காயத்தோடு மறுபடியும் பள்ளி நடத்த வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே முடித்துவிட வேண்டும். எங்கள் முதல் குழுவில் இருந்த ஒருவரின் மனைவி வேறொரு மாவட்டத்தில் ஆசிரியர். அதே மாநிலச் சங்கத்தின் உறுப்பினர். பள்ளி நெறிமுறைச் சட்டத்தின்படி அந்தக் குழு உறுப்பினர் பேச்சுவார்த்தையில் பங்கேற்கவே கூடாது. வழக்கறிஞரிடம் இதைக் கேட்க எங்களுக்கு நான்காவது அமர்வில்தான் தோன்றியது. அவர் விலகியபோது, அதுவரை பேசியதை எல்லாம் புதிய உறுப்பினருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியதாயிற்று.

மறுமொழி: நியூ ஜெர்சி, ஆசிரியை

ஐயா, உங்கள் பதிவைப் படித்தபோது மேசையின் எதிர்ப்புறம் நான் உட்கார்ந்திருந்த மாலைகள் நினைவுக்கு வந்தன. எங்கள் மாவட்டத்தில் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் ஒரு சுற்று முழுவதும் இருந்தேன். நாங்கள் கையில் எடுத்துச் சென்ற முதல் ஆவணம் மாவட்டத்தின் ஆண்டுத் தணிக்கை அறிக்கை. ஒதுக்கப்படாத உபரியை மாவட்டம் ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், மீதிப் பணம் மூலதன இருப்புக்கும் பராமரிப்பு இருப்புக்கும் எவ்வளவு போயிருக்கிறது என்று ஐந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதி வைத்திருந்தோம். வாரியத் தலைவர், பணமே இல்லை என்றார். நாங்கள் பக்க எண்ணைச் சொன்னதும் அவர் நிதி நிர்வாகியின் முகத்தைப் பார்த்தார். அந்த இருப்புகளுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன என்று பிறகு தெரிந்தது. ஒரு பள்ளியின் கூரை, இன்னொன்றின் கொதிகலன். அதை அவரே முதலில் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருப்போம்.

பணத்தைத் தவிர வேறொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தொடக்கப் பள்ளியில் பாடத் தயாரிப்பு நேரம் என்று ஒப்பந்தத்தில் இருப்பது 40 நிமிடம். வகுப்பை இசை அறைக்கு அழைத்துச் சென்று விட்டு, திரும்பப் போய் அழைத்து வருவதற்கே அதில் பத்து நிமிடம் கரைந்துவிடும். இந்தப் பத்து நிமிடத்தை விளக்க எங்களுக்கு மூன்று அமர்வுகள் ஆயின. பேச்சுவார்த்தைக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் வாரியக் குழு உறுப்பினர்கள் ஒரு முழு நாள், மணி அடிப்பது முதல் கடைசிப் பேருந்து கிளம்புவது வரை, ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்து பார்த்திருந்தால் அந்த மூன்று அமர்வுகளும் மிச்சமாகியிருக்கும்.

மறுமொழி: கலிபோர்னியா, பெற்றோர்

எங்கள் மாநிலத்தில் விதிகள் வேறு. இரு தரப்பும் தங்கள் தொடக்கக் கோரிக்கைகளைப் பொதுக் கூட்டத்தில் முன்வைத்து, மக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே பேச்சைத் தொடங்க முடியும். வாரியம் ஒப்பந்தத்தை ஏற்கும் முன், ஒப்பந்தக் காலம் முழுவதும் அந்தச் செலவைத் தாங்க முடியும் என்று மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டும் தலைமை நிதி அதிகாரியும் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். இந்தச் சான்று வெறும் காகிதம் அல்ல என்பதை எங்கள் மாவட்டத்தில் கண்ணால் பார்த்தேன். மாநில அரசு பள்ளிகளுக்குத் தரும் நிதியில் விலைவாசி ஈட்டு உயர்வு 2023-24-இல் 8.22 சதவீதம், அடுத்த ஆண்டே 1.07 சதவீதம். நல்ல ஆண்டின் வருவாயை நிரந்தரமென்று எடுத்துக்கொண்டு ஊதியத்தை உயர்த்திய எங்கள் வாரியம், மறு ஆண்டில் பள்ளி ஆலோசகர் பணியிடங்களைக் குறைத்தது. ஒரு பகுதியை ஒருமுறை மட்டும் தரும் தொகையாக வைத்திருக்கலாம் என்று அன்றே சிலர் சொன்னோம்.

ஐயா அவர்களிடம் ஒரு கேள்வி. இங்கே ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள் என்பதும் பேச்சுவார்த்தைக்கு உரியது. லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் 2019 ஜனவரியில் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்ததன் மையக் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. உங்கள் மாநிலத்தில் எப்படி?

முதல் பதிவரின் பதில்

நியூ ஜெர்சியில் வகுப்பு அளவு நிர்வாகத்தின் உரிமைக்குள் வருகிறது. அதைப் பேரம் பேச முடியாது. கட்டாயம் பேச வேண்டியவை, பேசவே கூடாதவை என்ற இரண்டு வகைதான் ஆசிரியர்களுக்கு உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. ஆனால் வாரியங்கள் இதைக் கேடயமாகப் பிடித்துக்கொள்வது தவறு என்பது என் கருத்து. இரண்டாவது முறை, 27 பிள்ளைகள் இருந்த மூன்றாம் வகுப்புகளைப் பற்றி ஆசிரியர்கள் பேசத் தொடங்கியபோது எங்கள் வழக்கறிஞர் தடுக்க முயன்றார். குழுத் தலைவர் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் அது பற்றி ஒரு வரியும் வரவில்லை. அந்த வசந்தத்தில் வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டு புதிய மூன்றாம் வகுப்பு ஆசிரியர் பணியிடங்களைச் சேர்த்தோம்.

சகோதரி சொன்ன முழு நாள் யோசனையை நாங்கள் செய்யவில்லை. இப்போது எங்கள் வாரியத்தில் இருப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. சகோதரியின் பதிவை இன்று இரவே அவர்களுக்கு அனுப்புகிறேன்.