மேலூர் வகையறா குரூப்

காலை 6:40
மேலூர் பெரியம்மா: பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்க ஊசி போட்ட எடத்துல, கவட்டைக்கிட்ட, எலுமிச்சம்பழம் தண்டிக்கு வீங்கியிருக்கு. தொடை பூரா நாவப்பழக் கலர்ல கன்னிப்போச்சு.

திருமங்கலம் அத்தை: நெறி கட்டியிருக்கும் மதினி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போடுங்க.

அனுப்பானடி சித்தப்பா: கட்டின்னா பழுக்க விட்டுக் கீறிரலாம். எனக்கு முதுகுல அப்படித்தான் பண்ணாங்க.

நர்சு பாப்பா: ஐயோ சித்தப்பா! யாரும் நீவவும் வேணாம், கீறவும் வேணாம். பெரியம்மா, அது மேல லேசா ரெண்டு விரலை வைங்க. துடிக்குதா?

மேலூர் பெரியம்மா: ஆத்தி! ஆமாத்தா. திக்கு திக்குனு விரலைத் தூக்கித் தூக்கி விடுது.

நர்சு பாப்பா: அப்ப நெறி இல்ல. ரத்தக்குழாய்ல ஊசி போன ஓட்டை மூடல. அது வழியா ரத்தம் கசிஞ்சு சதைக்குள்ள பை மாதிரி நிக்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் பைக்குள்ள போகும், திரும்ப வரும். கீறுனா தமனியவே தொறந்து விட்ட மாதிரி. சீட்டுல சூடோஅனியூரிசம்னு எழுதுவாங்க.

திருமங்கலம் அத்தை: எங்க மாமனாருக்கு வயித்துல அனியூரிசம்னாங்களே, அதுவா?

நர்சு பாப்பா: அது வேற அத்தை. குழாய் செவுரு மூணு அடுக்கு. அவுகளுக்கு மூணும் நைஞ்சு, சைக்கிள் டியூப்பு பொடைச்ச மாதிரி உப்பியிருக்கும். இது பஞ்சர். இந்தப் பைக்குச் செவுரே கிடையாது, சுத்தியிருக்க சதையும் உறைஞ்ச ரத்தமும்தான் தாங்குது.

மேலூர் பெரியப்பா: கையிலதான் போடுறேன்னாங்க. குழாய் வளைஞ்சிருக்குன்னு தொடைக்கு மாத்திட்டாங்க.

நர்சு பாப்பா: அன்னிக்கு ஊசி போட்ட காலை மடக்காம படுத்திருந்தீகளா?

மேலூர் பெரியப்பா: ஒரே ஒரு வாட்டி பாத்ரூம் போனேன்.

மேலூர் பெரியம்மா: கீழ டீக்கடைக்கே போயிட்டு வந்தாரு 😡

நர்சு பாப்பா: நல்லா இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேற. அதை நீங்களா நிறுத்திராதீங்க, ஸ்டென்ட் அடைச்சுக்கும். இப்பவே கார் புடிச்சுப் போயி, ரத்தம் ஓடுறதக் கலர்ல காட்டுற டாப்ளர் ஸ்கேன் எடுங்க. வீக்கம் திடீர்னு கூடுனாலோ, கால் சில்லிட்டாலோ, மயக்கம் வந்தாலோ 108.

மதியம் 2:15
மேலூர் பெரியம்மா: ஸ்கேன் டிவில செவப்பும் நீலமும் சுழிச்சுக்கிட்டே இருந்துச்சு. 3 செ.மீ.யாம். ஸ்கேன் பாத்துக்கிட்டே ஒரு ஊசி போட்டாங்க, கண்ணு முன்னாடியே கலரு நின்னு போச்சு.

நர்சு பாப்பா: த்ராம்பின். ரத்தத்தை அங்கயே உறைய வைக்கும். 2 செ.மீ.க்குள்ள இருந்தா சிலருக்குத் தானாவே உறைஞ்சிரும். இன்னொரு வாட்டி ஸ்கேன் பாப்பாங்க, தட்டாம போங்க.

அனுப்பானடி சித்தப்பா: 🙏🙏

மேலூர் பெரியப்பா: ஏத்தா, டீ குடிக்கலாமா?

மேலூர் பெரியம்மா: நான் வாங்கியாறேன். எந்திரிக்கட்டும், இருக்கு அவருக்கு.