கிரெடிட் சரியில்லாமல் ரொறன்ரோ பக்கம் வாடகை வீடு தேடியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மோர்னிங்சைட் அக்கா:

ஸ்காபரோவில் பேஸ்மென்ட் தேடிய கதைதான். கன்சூமர் புரொபோசல், அதாவது கடனில் ஒரு பகுதியை மட்டும் கட்டி முடிக்கிற சட்டபூர்வ ஒப்பந்தம், போட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, கடன் கட்டிய வரலாற்றைக் காட்டுகிற கிரெடிட் ரிப்போர்ட்டில் அதற்கு ஆர்7 என்ற குறி விழுந்திருக்கும். இவருக்கு ஸ்ட்ரோக் வந்து வேலைக்குப் போக முடியாமல் இருந்த காலத்தில் கார்டுகளில் ஏறிய கடன் அது. புரொபோசல் போட்ட பிறகு ஒரு மாதக் காசும் தவறவில்லை. வாடகை அதற்கு முன்னும் பின்னும் ஒருநாளும் பிந்தியதில்லை.

வீடு எனக்குப் பிடித்திருந்தது. தனி வாசல், நல்ல வெளிச்சம், பஸ் பக்கத்தில். வீட்டுக்காரரும் எங்கள் ஆட்கள்தான். மேலே கூப்பிட்டு இருத்தி, அந்த அம்மா தேத்தண்ணி தந்தா. நான் கொண்டுபோன ரிப்போர்ட்டை அவர் சாப்பாட்டு மேசையில் விரித்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த என் மகனைக் கூப்பிட்டார், அவன் அப்போது ஆறாம் வகுப்பு. “தம்பி, இதில என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சு அம்மாவுக்குச் சொல்லும்” என்றார்.

பிள்ளை வாசித்தான். பாங்கின் பெயர், தொகை, கடைசியாகக் கட்டிய மாதம், எல்லாவற்றையும் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற அதே குரலில் வாசித்தான். தொகை வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும். அது அவருக்கும் தெரியும், ஏஜெண்டோடு நான் அவருக்கு முன்னால்தான் கதைத்தேன். வீடு தர விருப்பமில்லை என்றால் சொல்லியிருக்கலாம், அது அவருடைய வீடு. பிள்ளையைக் கொண்டு எதற்கு வாசிப்பித்தார் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கோசைன் போட்டவன்:

அக்கா, வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

என்னுடைய கதையில் கடன்கூட என்னுடையது இல்லை. மச்சானின் காருக்குக் கோசைன் போட்டேன், அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று வைக்கிற கையெழுத்து அது, அவர் கட்டாமல் விட்டார், கார் போனது, மிச்சக் கடன், வசூல் கம்பெனிக்குக் கைமாறி, என் பெயரில் கொலெக்‌ஷனுக்கு வந்தது. ரிப்போர்ட்டில் ஐ9, வராக் கடன் என்று எழுதிவிட்ட தவணைக் கடனின் குறி. அதில் ‘இது மச்சானின் கார்’ என்று எழுதியிருக்காது.

வீட்டுக்காரர் ஊரில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். “உங்கட அப்பாவைத் தெரியாதா எனக்கு” என்றுதான் ஆரம்பித்தார். ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு ஆறு மாத வாடகையை முன்னுக்குக் கேட்டார். சரி என்று டிராப்ட் எடுத்துக்கொண்டு போனேன். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, டமேஜ் டெபாசிட் என்று மேலதிகமாக 800 டொலர் காசாகக் கேட்டார். கொடுத்தேன். ரசீதுப் புத்தகத்தை எடுத்தார், வாடகைக்கு மட்டும் எழுதினார். மற்றதற்கும் எழுதுங்கோ அண்ணை என்றேன். “அது ரசீதில வராது தம்பி” என்று புத்தகத்தை மூடி மேலே கையை வைத்தார். அந்தக் கை வைத்த விதம்தான் எனக்குப் போகாமல் இருக்கிறது. அந்தக் காசும் திரும்பி வரவில்லை.

மார்க்கம் வீட்டுக்காரன்:

பிள்ளையை வாசிக்க வைத்தது பிழை. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் எல்லாரும் வீட்டுக்காரரிடம் காசு கொட்டிக் கிடக்கிறது என்ற மாதிரி எழுதுகிறீர்கள்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு வீடு, அதில் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டால்தான் மோர்ட்கேஜ் கட்டலாம். ஒரு இளம் குடும்பத்துக்கு ரிப்போர்ட் பார்க்காமல், முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன். இரண்டாம் மாதமே வாடகை நின்றது. வாடகை கட்டாததற்கான என்4 நோட்டீஸ் கொடுத்து, வீட்டுக்காரர்-வாடகைக்காரர் வழக்குகளைக் கேட்கிற போர்டில் எல்1 என்ற வெளியேற்ற விண்ணப்பம் போட்டு, விசாரணைக்கு ஒரு வருடத்துக்குக் கிட்டக் காத்திருந்தேன். எனக்கு மட்டும் நடந்தது இல்லை இது. 2023 மே மாதத்தில் அரசு அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒன்ராறியோ ஒம்பட்ஸ்மன் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள், 38,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போர்டில் தேங்கிக் கிடந்தன. அந்தக் காலத்தில் ஒருநாள் கீழே போய்க் கதவைத் தட்டினேன். அந்தக் குடும்பத்துப் பெண் கண்ணாடிக்குள்ளால் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே திரைச்சீலையை இழுத்து விட்டா. என்னுடைய வீட்டில், என்னுடைய கதவுக்கு முன்னால் நான் நிற்கிறேன்.

அதற்குப் பிறகு ரிப்போர்ட் இல்லாமல் நான் யாரோடும் கதைப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி அறிந்துகொள்ள வேறு என்ன இருக்கிறது எனக்கு?

கோவை டு பிராம்ப்டன்:

@மார்க்கம் வீட்டுக்காரன், நீங்கள் பட்டது உண்மையான கஷ்டம். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் ஒருவர் வாடகையை ஒழுங்காகக் கட்டினாரா என்பது பெரும்பாலும் இருக்கவே இருக்காது. கார்டு, கார் லோன், போன் பில் இருக்கும். மாதாமாதம் கொடுத்த வாடகை, அதற்கென்று தனியாகப் பதிவு செய்தால் ஒழிய, ஒரு வரிகூட வராது. முதலில் எழுதிய அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை பிந்தாதவர். அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் அந்தத் தாளில் இல்லை.

எனக்கு மோசமான கிரெடிட் என்று எதுவும் கிடையாது, கிரெடிட்டே கிடையாது. ஊரில் சிபில் ஸ்கோர், அதாவது இந்தியாவின் கிரெடிட் மதிப்பெண், 800க்குப் பக்கத்தில் இருந்தது. இங்கே அது செல்லாது என்று வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கையில் வேலைக் கடிதம், பே ஸ்டப் எல்லாம் இருந்தும் காண்டோ ஏஜென்ட் தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர் இருந்தது, கீழே ஒன்றுமே இல்லை. “நத்திங் டு ஷோ தி ஓனர்” என்றார். பத்து வருடமாக வேலை பார்த்து, வீட்டுக் கடன் அடைத்து முடித்த மனுஷி நான். அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிறகுதான் ஒருவர் சொன்னார், ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தின் கீழ் 290/98 என்று ஒரு விதி இருக்கிறது. வீட்டுக்காரர் கிரெடிட் பார்க்கலாம். ஆனால் கிரெடிட் வரலாறே இல்லை என்பதைக் குறையாக எடுக்கக்கூடாது என்பது மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. அதை ஏஜென்டிடம் சொன்னேன். “ஓனருக்கு வேறு நிறைய அப்ளிகேஷன் வந்திருக்கு” என்று முடித்துவிட்டார்.

பழைய கணக்காளர்:

என்னுடையது சின்ன விஷயம். அப்பாவின் பெயரை முன்னுக்குப் போட்டு என் பெயரைப் பின்னுக்குப் போட்டதில், அதே பெயருள்ள வேறொருவரின் கொலெக்‌ஷன் என் பைலில் ஏறியிருந்தது. வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்கள் பெயர்களுக்கு இது நடக்கும்.

ஆகவே எல்லாருக்கும் சொல்கிறேன். வீடு பார்க்கப் போவதற்கு முன்னால் எக்விபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற இரண்டு கிரெடிட் நிறுவனங்களிலும் உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே இலவசமாக எடுங்கள். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் இறங்காது. இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம், அதற்குக் காசு இல்லை. கனடாவில் ஸ்கோர் 300இலிருந்து 900 வரை. கொலெக்‌ஷன் பொதுவாக 6 வருடத்தில் விழுந்துவிடும். புரொபோசல் என்றால் எக்விபாக்ஸில் கட்டி முடித்து 3 வருடம், அல்லது பதிந்ததிலிருந்து 6 வருடம், எது முந்துகிறதோ அது. அதுவரைக்கும் முன்பணம் கட்டி எடுக்கிற ஒரு செக்யூர்ட் கார்டு எடுத்து, சின்னதாகப் பாவித்து முழுவதையும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

சின் நம்பர், அதாவது அரசு தரும் சமூகக் காப்பு எண், கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேட்டால் மரியாதையாக மறுக்கலாம். கோசைன் போட்ட தம்பிக்கு: ஒன்ராறியோவில் டமேஜ் டெபாசிட் வாங்குவதே சட்டப்படி பிழை. வாடகை டெபாசிட்டாகக் கடைசி மாத வாடகையை மட்டும்தான் கேட்கலாம், அதற்கும் வருடா வருடம் வட்டி தர வேண்டும். போஸ்ட் டேட்டட் செக் தந்தால்தான் வீடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. நீங்கள் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டுப் போர்டில் டி1 விண்ணப்பம் போடலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். இனிமேலாவது காசாகக் கொடுக்காமல் இ-ட்ரான்ஸ்பரில் அனுப்பி, எதற்கென்று மெசேஜில் எழுதுங்கள்.

அக்காவுக்கு: ஒரு கவரிங் லெட்டர் எழுதுங்கள், கணவரின் நோய், புரொபோசல் எப்போது முடிகிறது, இப்போதைய வருமானம் எல்லாம் ஒரு பக்கத்தில். ரிப்போர்ட்டை அவர்களாகப் பார்க்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மோர்னிங்சைட் அக்கா:

அண்ணா, நீங்கள் எழுதினது எல்லாம் நல்ல விஷயம், பலருக்கு உதவும். லெட்டர் நான் அன்றைக்கும் கொண்டுதான் போனேன். அவர் அதைத் திறக்கவில்லை.

மார்க்கம் அண்ணாவுக்கு: உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அந்தக் குடும்பம் செய்ததற்கு அடுத்துக் கதவைத் தட்டுகிற நாங்கள் பதில் சொல்ல முடியாது. முன்பு இருந்த வீட்டுக்காரரின் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பார்.

மார்க்கம் வீட்டுக்காரன்:

அது சரி, தங்கச்சி. கோல் எடுக்கலாம்தான். ஆனால் சில பேர் சிநேகிதரின் நம்பரை வீட்டுக்காரர் என்று தருகிறார்கள், அதையும் கண்டிருக்கிறேன்.

மலர் எக்லிங்டன்:

அதற்கு வழி இருக்கிறது, எனக்கு வீடு கிடைத்ததே அப்படித்தான். பாங்க்ரப்ட் ஆகி வெளியே வந்த ஆள் நான், ரிப்போர்ட்டில் எதையும் மறைக்க ஏலாது. இப்போதைய வீட்டுக்கார அம்மா தமிழ் இல்லை, வயது போனவர். பழைய லீஸ், பாங்க் ஸ்டேட்மென்ட்டில் வாடகை போன வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டுக் கொண்டுபோனேன். லீஸில் இருந்த வீட்டுக்காரர் பெயரும் இ-ட்ரான்ஸ்பர் போன பெயரும் ஒன்றுதானா என்று அவ விரலை வைத்துப் பார்த்தா. பிறகு எனக்கு முன்னாலேயே அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தா. அவர் சொன்னது இதுதான்: ஒன்றாம் திகதி காலையில் காசு வந்துவிடும், ஒருமுறை முதல் நாள் இரவே வந்தது.

மார்க்கம் அண்ணா, நீங்களும் அடுத்த முறை அந்த ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்கள். இருக்கிறவர்கள் சந்தோஷமாகக் கொண்டுவருவார்கள்.