யமாட்டோவுக்கு எதிரே ஆங்கிள் வைத்து என்ன பயன்? 7-க்கு 7 போட்டிக்கு விதி தேவை

கேள்வி – நங்கூரம்

வேர்ல்டு ஆஃப் வார்ஷிப்ஸ் என்ற ஆன்லைன் கடற்போர் விளையாட்டில், 10-ஆம் டயர் (கப்பல் நிலை), 7-க்கு 7 போட்டிக்கு விதி எழுதுகிறோம். முட்டுவது ஜப்பானிய பேட்டில்ஷிப் (பெரிய போர்க்கப்பல்) யமாட்டோவில்தான். மற்ற பெரும்பாலான பேட்டில்ஷிப்களுக்கு மூக்கைக் காட்டிச் சாய்வாக நின்றால் (அதுதான் ஆங்கிள்) ஏபி குண்டு, அதாவது கவசம் துளைக்கும் குண்டு, தெறித்துப் போகும். யமாட்டோ சுட்டால் அப்படியே உள்ளே இறங்குகிறது. கப்பலைச் சரியாகத் திருப்பி நிற்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே அடி. தடை போடலாமா?

பதில் – கலங்கரை

முதலில் கணக்கைப் பாருங்கள். குண்டின் விட்டத்தை 14.3-ஆல் வகுத்து வரும் எண் தகட்டின் தடிமனைவிட அதிகமென்றால் ஓவர்மேட்ச், குண்டு தெறிக்காமல் துளைத்துவிடும். சாய்வு கணக்கிலேயே வராது. 460 மி.மீ. குண்டுக்கு 32.17 வருகிறது. இந்த டயரில் பெரும்பாலான பேட்டில்ஷிப்களின் மூக்குத் தகடு 32 மி.மீ. தண்டரர் என்ற பேட்டில்ஷிப்பின் 457 மி.மீ. குண்டுக்கு 31.96தான், அது தெறித்துவிடும். வெறும் 3 மி.மீ. வித்தியாசம்! படிப்படியாக ஏறாமல் ஒரே இடத்தில் செங்குத்தாக எழும்பும் இந்த மாதிரி எல்லைதான் திறமையை விழுங்குகிறது.

அதனால் விதியில் கப்பல் பெயரை எழுதாதீர்கள். "460 மி.மீ.-உம் அதற்கு மேலும்: அணிக்கு ஒன்று" என்று எழுதுங்கள். யமாட்டோவை மட்டும் தடுத்தால் 510 மி.மீ. பீரங்கியோடு ஷிகிஷிமா என்ற பேட்டில்ஷிப் வந்து நிற்கும்.

பதில் – சுக்கான்

எண்ணிக்கை வரம்பு சரி, தடை வேண்டாம். யமாட்டோவுக்கு எதிராகக் காட்ட வேண்டிய திறமை வேறு.

அதன் சிட்டாடலின் (அடிபட்டால் அதிகச் சேதம் தரும் கவச மையப்பகுதி) முன்பகுதி எண்கோண வடிவம். பின் டரட்டையும் (சுழலும் பீரங்கிக் கூண்டு) சேர்த்துச் சுட ஆசைப்பட்டு அது 30 டிகிரி அளவுக்குத் திரும்பினால், முன் டரட்டுகளுக்குக் கீழே அந்தக் "கன்னம்" நேராகத் தெரியும். சுட வேண்டியது அங்கே. மூக்கை மட்டும் காட்டி நின்றால் அதனிடம் 6 குழல்தான். 30 விநாடிக்கு ஒரு சுற்று.

அடுத்தது தீ. ஒரு தீ முழு 60 விநாடியும் எரிந்தால் 18% உயிர் போகும், 97,200-இல் 17,496. ஒரு தடவை ரிப்பேர் பார்ட்டி (இழந்த உயிரை மீட்கும் வசதி) போட்டால் திரும்புவது சுமார் 14%தான் (கேப்டன் திறன், கொடி சேர்க்காத கணக்கு). பலர் செய்யும் தவறு, முதல் தீ பிடித்ததும் எல்லோரும் சேர்ந்து ஹெச்இ (தீ வைக்கும் வெடிகுண்டு) கொட்டுவது. எதிராளி டேமேஜ் கன்ட்ரோலை (தீயணைக்கும் வசதி) அழுத்தியதும் பிடித்த தீ எல்லாம் ஒன்றாக அணைந்துவிடும். ஒரு க்ரூசர் மட்டும் தீ வைக்கட்டும். அழுத்திவிட்டாரா? டேமேஜ் கன்ட்ரோலின் வேலை முடிந்த நொடியிலிருந்து மற்றவர்கள் தொடங்கட்டும். அடுத்த டேமேஜ் கன்ட்ரோல் தயாராக 80 விநாடி ஆகும்.

நங்கூரம்

அணிக்கு இரண்டு அனுமதித்தால்?

கலங்கரை

வேண்டாம். ஒன்று இருந்தால் அது நிற்காத பக்கம் போய்விடலாம். எங்கே நிற்பது என்ற முடிவுக்கு மதிப்பு உண்டு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று நின்றால் 32 மி.மீ. மூக்குக்கு ஒதுங்க இடமில்லை.