பழைய பாணி லெதர் ஜாக்கெட்: அளவு கொடுக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது

கட்டிங் மாஸ்டர், பெரியமேடு

அளவு என்ன என்று கேட்டால் "நாற்பது" என்று மட்டும் சொல்கிறவர்கள் அதிகம். எது நாற்பது? மார்பைச் சுற்றி டேப் பிடித்தால் வருவதா, ஜாக்கெட்டை விரித்து அளந்தால் வருவதா? மார்பு 40 அங்குலம் உள்ளவருக்கு, தைத்து முடித்த ஜாக்கெட்டின் சுற்றளவு 43, 44 வர வேண்டும். உடம்பு அளவையே ஜாக்கெட் அளவாக எடுத்து வெட்டினால் ஜிப் ஏறாது. ஜாக்கெட் அளவை உடம்பு அளவென்று நினைத்து, அதன்மேல் இன்னொரு 4 அங்குலம் சேர்த்தால் கோணிப்பை மாதிரித் தொங்கும். அதனால் சீட்டில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் "உடம்பு" அல்லது "ஜாக்கெட்" என்று எழுதிக் கொடுங்கள்.

உடம்புக்குக் கச்சிதமாக இருக்கும் டெனிம் ஜாக்கெட் ஒன்று வீட்டில் இருந்தால், அதை அளந்து தருவதே மேல். பட்டன் போட்டு மேசையில் விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிடுங்கள். இழுக்கக் கூடாது. அக்குளுக்கு 1 அங்குலம் கீழே, குறுக்காக இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை அளந்தால் அது மார்பில் பாதி. பிறகு திருப்பிப் போட்டு, தோள் தையலுக்குத் தோள் தையல். நடு முதுகில் காலர் தையலிலிருந்து அடிவிளிம்பு வரை. கடைசியாகத் தோள் தையலிலிருந்து கை முனை. பல வருஷம் புழங்கிய துணி டேப் இழுபட்டிருக்கும். ஸ்டீல் ஸ்கேலோடு ஒருமுறை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இதில் தோள் அளவுதான் உயிர். மார்பு ஓர் அங்குலம் கூடிப்போனால் பக்கத் தையலில் பிடித்துக்கொள்ளலாம். தோள் கூடிப்போனால் கையைக் கழற்றி, லைனிங்கைப் பிரித்து, மறுபடி வெட்டியாக வேண்டும். பிரித்த இடத்தில் ஊசித் துளை அப்படியே நிற்கும், தேய்த்தாலும் போகாது. தோலில் பிடித்துச் சின்னதாக்கலாம், பிரித்து விட்டுப் பெரிதாக்க முடியாது.

*

ரைடர், தாம்பரம்

மாஸ்டர் சொன்னதோட ஆர்ம்ஹோலையும், அதாவது கை நுழையுற வளைவையும், சேர்த்துக்கணும். ரெடிமேடுல யாருக்கும் இடிக்கக் கூடாதுன்னு ஆர்ம்ஹோலைக் கீழே இறக்கி வெட்டிடறாங்க. போட்டுட்டு நிக்கும்போது தாராளமாத் தெரியும். ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கையை நீட்டினா மொத்த ஜாக்கெட்டும் மேலே ஏறி, காலர் தாடையில முட்டும். பழைய பாணியில ஆர்ம்ஹோல் அக்குளுக்கு ஒட்டி, சின்னதா இருக்கும். முதல் நாள் லேசா இறுக்கும், ஆனா கை மட்டும் தனியா அசையும், உடம்புப் பகுதி இடத்தை விட்டு நகராது. ஆர்டர்ல "ஆர்ம்ஹோல் உயரமா" என்று தெளிவா எழுதுங்க. இறக்கி வெட்டினதைப் பிறகு ஏத்த முடியாது.

கை நீளத்தைக் கையைத் தொங்கப் போட்டு அளந்தா பைக்ல குட்டையாயிடும். பிடியைப் பிடிச்ச நிலையில கை முனை ஒன்றரை அங்குலம் வரைக்கும் பின்னால போகும். அதோட, போடப் போட முழங்கைல மடிப்பு விழுந்து இன்னொரு அரை அங்குலம் குறையும். புதுசா வாங்கும்போது கட்டைவிரல் அடிக்கட்டு வரைக்கும் வந்தாத்தான் சரி. கை முனையில ஜிப் இருக்கிற மாடல்னா இன்னும் கவனம் வேணும். கீழேர்ந்து வெட்டிச் சுருக்க வழியில்ல, தோள்ல பிரிச்சுத்தான் சுருக்கணும்.

உடம்பு நீளத்துல நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. அமெரிக்க ராணுவ விமானிகளுக்கு 1931ல வந்த ஏ-2 மாதிரி ஜாக்கெட் இடுப்போட முடியும். 40 சைஸ்ல பின்பக்க நீளம் 24, 25 தான். அப்போ பேண்ட் தொப்புள் வரைக்கும் ஏறி நின்னதால அது போதுமா இருந்தது. இப்போ ஜீன்ஸ் இடுப்பெலும்புல நிக்குது, சட்டை கீழே எட்டிப் பார்க்குது. உடனே "27 வையுங்க"ன்னு சொல்லிடறாங்க. உட்கார்ந்தா முன்பக்கம் மடங்கி, ஜிப் வயித்துல பிதுங்கும். 1 அங்குலம் கூட்டிக்கோங்க, அதுக்கு மேல வேண்டாம்.

கொஞ்சம் தொப்பை இருக்கிறவங்க, குறுக்கு ஜிப் வச்ச மோட்டார்சைக்கிள் மாடலை எடுக்கிறதுக்கு முன்னாடி யோசிங்க. 1928ல வந்த பெர்ஃபெக்டோ ஜாக்கெட் அந்த வகைதான். சாய்ஞ்சு ஓட்டும்போது மார்புல தோல் ரெண்டடுக்கா காத்தைத் தடுக்கும், அது அதோட அழகு. ஆனா வயிறு மார்பை விடப் பெரிசா இருந்தா அந்த ஜிப் நேரா விழாது, அலை அலையா நிக்கும். நேர் ஜிப் மாடல் எடுத்து, இடுப்புச் சுற்றளவைத் தனியா எழுதிக் கொடுங்க.

*

தோல் வியாபாரம், புரசைவாக்கம்

எந்தத் தோல் என்பது முடிவாகாமல் அளவை முடிவு செய்யாதீர்கள். செம்மறித் தோல் பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மி.மீ. தடிமன், உடம்போடு ஒட்டி வளையும். அதற்கு மார்பில் 3 அங்குலம் கூட்டினால் போதும். 1.2 மி.மீ. மாட்டுத்தோல் என்றால் 4 முதல் 5 வேண்டும், தையல் மடிப்புகளே உள்ளிடத்தைத் தின்றுவிடும். ஆவாரம்பட்டை மாதிரிப் பட்டையில் பதனிட்ட தோல் ஆரம்பத்தில் அட்டை போல நிற்கும், உடுத்த உடுத்தத்தான் இளகும். குரோமிய உப்பில் பதனிட்டது முதல் நாளே மெத்தென்று இருக்கும்.

"தோல் இளகும், இறுக்கமாகவே எடு" என்று சொல்வதைப் பாதிதான் நம்பலாம். முதுகும் முழங்கையும் இளகும். நீளமும் தோளும் இளகாது. லைனிங் துணியோ கொஞ்சமும் இளகாது. தோல் விரிந்து லைனிங் விரியாவிட்டால் முதுகுத் தையல் பிய்ந்துகொள்ளும். அதனால் லைனிங்கின் நடு முதுகில் 1 அங்குல மடிப்பு வைக்கச் சொல்லுங்கள். நம்ம ஊர் வேர்வைக்கு உடம்புப் பகுதியில் பருத்தி லைனிங், கைகளில் மட்டும் வழுக்கும் சாட்டின். கையிலும் பருத்தி போட்டால் வேர்த்த கையில் ஒட்டி, கை பாதியில் மாட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து 'கை சிறிசு' என்று நினைத்துவிடுவீர்கள்.

அளவெடுக்கும்போது உள்ளே டீ-ஷர்ட் மட்டும் இருக்கட்டும். ஊட்டிக்குப் போகும் இரண்டு நாளுக்காக ஸ்வெட்டரோடு அளந்தால், சென்னையில் வருஷம் முழுக்க அது தொளதொளவென்றே கிடக்கும்.

*

கட்டிங் மாஸ்டர், பெரியமேடு

சொல்ல விட்டுப்போனது ஒன்று. பெண்களுக்கு விரித்து அளந்த அளவு மட்டும் போதாது. மார்பு, அதன் கீழ்ச் சுற்று, இடுப்பு என மூன்றும் உடம்பிலேயே எடுக்க வேண்டும்.

யாராக இருந்தாலும், தோலை வெட்டும் முன் டிரையல், அதாவது துணியில் தைத்த மாதிரி, கேளுங்கள். காடாத் துணி செம்மறித் தோலுக்குச் சரி. மாட்டுத்தோல் ஜாக்கெட்டுக்குத் தடித்த டெனிமில் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தடிமன் கணக்கில் வராது. இரண்டு கையும் வைத்துத் தைத்த டிரையலாக இருக்க வேண்டும். கை இல்லாமல் போட்டுப் பார்த்தால் ஆர்ம்ஹோல் தெரியாது. போட்டுக்கொண்டு கைகளை மார்பின் குறுக்கே கட்டுங்கள், பிறகு வாசலில் நிற்கும் வண்டியில் ஏறி ஹேண்டிலைப் பிடியுங்கள். முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவே துணி விறைத்து நின்றால் அங்கே அரை அங்குலம் கூட்டலாம், அல்லது தோளுக்குப் பின்னால் மடிப்பு வைக்கலாம். சாக்பீஸால் அங்கேயே கோடு போடச் சொல்லி, அந்த டிரையலைக் கத்தரிக்கும் மேசைக்கு அனுப்புங்கள்.