யானை தள்ளும் சுவருக்குத் தோட்டா தாங்கும் பலகை உதவுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சேரம்பாடியிலிருந்து

எங்கள் ஊர் நீலகிரி மாவட்டத்தில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, ஒற்றை யானை எங்கள் சமையல்கட்டுச் சுவரைத் தள்ளிவிட்டது. மண்கட்டுச் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முன்னறையில் படுத்திருந்தோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். விடிந்து வந்து பார்த்தால் அரிசி மூட்டை கிழிந்து கிடக்கிறது, உப்பு டப்பா நசுங்கிக் கிடக்கிறது. யாருக்கும் அடி இல்லை என்பதுதான் ஆறுதல்.

மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வங்கி கவுண்டர்களில் வைக்கிற தோட்டா துளைக்காத பலகைகளைச் சுவரின் உள்பக்கம் அடித்துவிடலாம், பணம் அனுப்புகிறேன் என்கிறான். துப்பாக்கிக் குண்டையே தாங்குகிற பலகை யானையைத் தாங்காதா என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சுவரைப் பலப்படுத்தியவர்கள் உங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓவேலியிலிருந்து, முன்னாள் ராணுவத்தினர்

அக்கா, தயவுசெய்து அந்தப் பணத்தைப் பலகையில் போட்டுவிடாதீர்கள். தோட்டா, யானை இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெலிங்டனில் பயிற்சி முடித்து எல்லையில் வேலை பார்த்தவன் நான். அங்கே எங்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் மணல் மூட்டைதான். உள்ளே புகுந்த தோட்டாவின் வேகத்தை மணல் உறிஞ்சிவிடும். உங்கள் மகன் சொல்லும் பலகை கண்ணாடி இழையைப் பல அடுக்காகப் பிசினில் ஒட்டிச் செய்வது. தோட்டா பட்டதும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், அந்தப் பிரிதலில் அதன் வேகம் தீர்ந்துபோகும். தோட்டா தாங்கும் சட்டைகளில் வைக்கிற கெவ்லார் என்பதும் இழைதான். 1965இல் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. இவை எல்லாமே ஒரு சின்னப் புள்ளியில் வந்து குத்துகிற பொருளை நிறுத்தத்தான் உருவானவை. பலகை நிற்க ஒரு சுவர் வேண்டும். சுவரை அது நிறுத்தி வைக்காது.

கணக்காகவே பாருங்கள். ஏ.கே. 47 தோட்டா சுமார் 8 கிராம், நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் வேகம். அதன் ஆற்றல் ஏறத்தாழ 2000 ஜூல். நாலு டன் யானை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், அதாவது நாம் மெதுவாக நடக்கிற வேகத்தில் வந்து சுவரில் முட்டினாலும் அதே 2000 ஜூல்தான். ஆனால் உந்தத்தை, அதாவது எடையை வேகத்தால் பெருக்கி வருவதைப் பார்த்தால் யானைக்குத் தோட்டாவைவிட 700 மடங்கு அதிகம். அதோடு முட்டிவிட்டு அது நின்றுவிடாது. நெற்றியையும் துதிக்கையின் அடிப்பகுதியையும் வைத்து, சுவர் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டே இருக்கும்.

என் மாட்டுக் கொட்டகையில் நடந்ததும் இதுதான். ஹாலோ பிளாக், அதாவது நடுவில் துளை விட்ட சிமெண்ட் கல் சுவர், பார்க்க உறுதியாக இருந்தது. யானை சாய்ந்ததும் ஒரு கல்கூட உடையவில்லை. அடிவரிசைக் கலவை விட்டுப்போய், சுவர் முழுசாக ஒரே பலகைபோல உள்ளே சாய்ந்தது. அடியில் என் பசு. அன்றைக்கு அங்கே ஆள் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். யானை வீட்டுக்கு வரும்போது விழுகிற சுவரும் கூரையும்கூட ஆளைக் கொன்றுவிடும். அஸ்திவாரத்தோடு கட்டாத சுவரில் இன்னும் கனத்தை ஏற்றினால், விழும்போது அந்தக் கனமும் சேர்ந்துதான் நம் மேல் விழும்.

கூடலூரிலிருந்து, கொத்து வேலை செய்பவர்

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிளாக் உடைவதில்லை, கட்டுதான் விடுகிறது. அந்தப் பகுதி வீடுகளுக்கு நான் செய்கிற முறை இது: அஸ்திவாரத்தின் மேல் பெல்ட் கான்கிரீட், அதாவது சுற்றிலும் ஓடும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை போடும்போதே செங்குத்துக் கம்பிகளை எழுப்பிவிடுவேன். மூலைகளிலும், கதவு ஜன்னல் ஓரங்களிலும், நடுவில் மூன்று நான்கு அடிக்கு ஒன்றுமாக வரும். பிளாக்கின் துளைக்குள் கம்பி ஏறும், அந்தத் துளையில் சின்ன ஜல்லி கான்கிரீட்டை இறுகக் குத்தி நிரப்ப வேண்டும். மேலே லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலின் தலைமட்டத்தில் சுற்றிலும் இன்னொரு பெல்ட், அதில் கம்பிகளை மடக்கிக் கட்டிவிடுவேன். அப்போது நாலு சுவரும் ஒரே கூடாக நிற்கும். நீளச் சுவராக இருந்தால் நடுவில் ஒரு குறுக்குச் சுவர் கொடுங்கள்.

யானை அசைக்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விரிசல் விட்டு நிற்கிற சுவர், உள்ளே இருப்பவர் பின்பக்கமாக வெளியேற நேரம் கொடுக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். கூடலூர்ப் பக்கத்து ஜென்மி நிலங்களை (பழைய நிலக்கிழார்களின் நிலங்களை) அரசு எடுத்துக்கொண்ட 1969ஆம் வருஷத்து ஜென்மச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலமா என்று முதலில் பாருங்கள். அதில் பட்டா இல்லாமல் கான்கிரீட் வீட்டுக்கு அனுமதி வாங்குவது பெரும் பாடு. பாதிப் பேர் மண்சுவரிலேயே இருப்பதற்குக் காரணமும் அதுதான். பொக்லைன் இறக்கவும் ஆட்சியர் அனுமதி வேண்டும், அதனால் குழியை ஆள் வைத்தே தோண்டுங்கள்.

கோத்தகிரியிலிருந்து

எங்கள் பக்கம் யானையைவிடக் கரடித் தொல்லை அதிகம். விளக்கெண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவைப் பெயர்த்துவிடும். எங்கள் வீட்டிலும் சுவர் கருங்கல், கரடி உள்ளே வந்தது பின்கதவு வழியாக. நிலைக்கால் சுவரோடு சரியாகப் பிடிக்காமல் இருந்திருக்கிறது. இரும்பு நிலை வைத்து, சுவருக்குள் கொக்கி இறக்கிய பிறகு நகம் பட்ட கீறல் மட்டும்தான் விழுகிறது. சுவரை மட்டும் பார்த்துவிட்டுக் கதவை விட்டுவிடாதீர்கள்.

தேவாலாவிலிருந்து

பி.எம்.2 என்று பெயர் வைத்த மக்னா யானை (தந்தம் இல்லாத ஆண் யானை) அரிசிக்காக வீடு வீடாக உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் யாரும் ஒழுங்காகத் தூங்கியதில்லை. 2022 டிசம்பரில் அதைப் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே கேரளத்துச் சுல்தான் பத்தேரி ஊருக்குள் போய் நின்றது. காட்டைத் தாண்டியும் அரிசியைத் தேடிப் போகிற பிராணி அது. அதனால் எங்கள் வீட்டில் முதலில் மாற்றியது அரிசி இருக்கிற இடத்தைத்தான். வெளிச்சுவர் ஓரம் மூட்டை வைப்பதை நிறுத்தி, வீட்டின் நடுவில் மூடி இறுகிய டிரம்மில் வைக்கிறோம். பலா காய்க்கிற பருவத்தில் பிஞ்சிலேயே பறித்துவிடுகிறோம். படுக்கையை வெளிச்சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். அக்கா, வேலை முடிகிற வரைக்குமாவது பிள்ளைகளைச் சமையல்கட்டுப் பக்கம் படுக்க வைக்காதீர்கள்.

சேரம்பாடியிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. ராணுவத்தில் இருந்த அண்ணன் போட்ட கணக்கை மகனுக்கு அனுப்பினேன், பலகை வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். அரிசியை நேற்றே வீட்டின் நடுவில் டிரம்முக்கு மாற்றிவிட்டேன். எங்கள் இடம் 17ஆம் பிரிவில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன்.

கொத்து வேலை செய்கிற தம்பிக்கு ஒரு கேள்வி: சமையல்கட்டை மட்டும் இடித்துவிட்டு நீங்கள் சொன்ன மாதிரி கட்டினால், பழைய மண்சுவரோடு அதை இணைக்க வேண்டுமா, தனிக் கூடாக நிறுத்த வேண்டுமா? இங்கே வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?

கூடலூரிலிருந்து, கொத்து வேலை செய்பவர்

தனியாகவே நிறுத்துங்கள் அக்கா. மண்சுவரில் கம்பி பிடிக்காது, அது விழும்போது புதுச்சுவரையும் இழுக்கப் பார்க்கும். நடுவில் இரண்டு இஞ்சு இடைவெளி விட்டு மேலே தகரம் மடித்து மூடிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு மூலையில் மட்டும் தோண்டி வையுங்கள்.