பொங்கல் லீவுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்த அனுபவங்கள்

சைதைவாசி:
இந்த வருஷமும் புத்தகக் காட்சிக்காக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், போன வருஷம் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ‘பொன்னியின் செல்வன்’ வாங்கினேன். 1977இல் அண்ணா சாலை மதரஸா-ஐ-ஆஜம் பள்ளி வளாகத்தில் முதல் சென்னைப் புத்தகக் காட்சி நடந்தபோதே போய் வந்தவர் அவர். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பிரதி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. யாரோ இரவல் வாங்கிப் போனார்கள், அதோடு சரி.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கிறார்கள். ஐந்து பாகமும் ஒரே புத்தகமாக, கெட்டி அட்டையோடு, சல்லிசான விலையில் ஒன்று கண்ணில் பட்டது. பத்து சதவீதக் கழிவு வேறு. யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

அப்பா படுத்துக்கொண்டுதான் படிப்பார். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், கடையில் நிற்கும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை. நெஞ்சின் மேல் நிறுத்திப் பார்த்தார், மூச்சு முட்டியது. பக்கத்தில் தலையணையை அண்டக் கொடுத்து ஒருக்களித்துப் பார்த்தார், பக்கம் தானாக மூடிக்கொண்டது. கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. “நல்லாத்தான் இருக்கு, மெதுவா படிக்கிறேன்” என்றார். நான்காம் நாள் பார்த்தால் அதன் மேல் அவருடைய ரேடியோ உட்கார்ந்திருந்தது. உயரம் சரியாக இருந்ததாம்.

அப்புறம் பெரிய எழுத்தில் ஐந்து தனித்தனிப் பாகங்களாக வந்த பதிப்பைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடுப்பக்கம் ஒன்றைப் படித்துப் பார்க்கிறேன். எனக்கே மங்கினால் கீழே வைத்துவிடுவேன். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

மதுரைக்காரி:
அண்ணன் மகளுக்கு எட்டு வயது, துபாயில் வளர்கிறாள். தமிழ் சரளமாகப் பேசுவாள், படிப்பதென்றால் எழுத்துக்கூட்ட வேண்டும். லீவுக்கு வந்தபோது தடிமனான நீதிக்கதைத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் ‘அஞ்ஞானம்’ என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றவள், நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அத்தை, இது ஹோம்வொர்க்கா?”

அடுத்த தடவை துலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகம் ஒன்று வாங்கினேன். பக்கத்துக்குச் சில வரிகள்தான், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். ஆங்கிலத்தை முதலில் படித்துவிட்டு, “தமிழ்லயும் அதேதான் போட்டிருக்காங்களா?” என்று விரல் வைத்துச் சரிபார்த்தாள். சரிபார்க்கும் சாக்கில் முழுசாகப் படித்துவிட்டாள். அன்று ராத்திரி பாட்டியை உட்காரவைத்து வாசித்தும் காட்டினாள். பாட்டிக்குத் தூக்கம், ஆனாலும் விடவில்லை.

டெல்லிஅப்பளம்:
உண்மையைச் சொல்லட்டுமா? கணவருக்குப் பரிசு என்று நான் வாங்குவதெல்லாம் எனக்காகத்தான். அவர் பின்னட்டையைப் படித்துவிட்டு “அருமை” என்பார். வீட்டில் சண்டையே இல்லை.

கோவை_வாசகன்:
நாங்கள் புதுவீடு குடிபோனபோது நான்கு திருக்குறள் வந்தன. எல்லோரும் யோசிக்காமல் தூக்கி வருவது அதுதானே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். இரண்டு மு.வ. உரை, ஒன்று பரிமேலழகர், ஒன்று கலைஞர் உரை. மு.வ. ஒன்றை மட்டும் வாட்ச்மேன் பையனுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை அடுக்கி வைத்தேன்.

பொங்கல் லீவில் என் பெண் 55ஆம் குறளை வைத்து ஆரம்பித்தாள். ‘தெய்வம் தொழாஅள்’ குறள். கணவனையே தொழுது எழுபவள் பெய் என்றால் மழை பெய்யும் என்கிறார் மு.வ. கலைஞரோ அதைத் திருப்பிப் போடுகிறார்: அவள் ஆணைக்கு அஞ்சிப் பெய்யும் மழையைப் போல அவள் தன்னை அடிமையாக நினைத்துக்கொள்கிறாள் என்று. பெண் கலைஞர் கட்சி, என் அம்மா மு.வ. கட்சி. பரிமேலழகரை யாரும் கேட்கவில்லை, அவர் தமிழ் புரிய இன்னொரு உரை வேண்டும். என் மனைவி கரும்பைக் கடித்துக்கொண்டே, “மழை பெய்யறது இருக்கட்டும், மொட்டை மாடில துணி காயுது, யாராவது எடுங்க” என்றாள். நான்தான் போய் எடுத்தேன். திரும்பி வந்தபோதும் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது யாராவது ஐந்தாவதாக ஒரு திருக்குறள் கொண்டுவந்தால் முதலில் உரையாசிரியர் யார் என்று பார்க்கிறேன்.

சைதைவாசி:
@டெல்லிஅப்பளம், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, வெளியே சொல்வதில்லை.

அப்பா நிலவரம் கேட்பவர்களுக்கு: மூன்று பாகம் முடித்துவிட்டார். நான்காவதை, அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எதிர்வீட்டு சார் இரவல் வாங்கிப் போய்விட்டார். கொடுத்தது அம்மா. ஒரு வாரமாக அப்பா காபி டம்ளரோடு பால்கனியில் நின்று எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.